கை வைக்கக் கூடாத கோப்பு
அத்திபெலேயில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூரிலிருந்தும் பையன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். “அண்ணா, லினக்ஸ் போட்டேன், விண்டோஸைக் காணோம்!”

விண்டோஸ் எங்கும் போயிருக்காது. மெஷினை ஆன் செய்ததும் எந்த சிஸ்டத்தை ஏற்றலாம் என்று மெனு காட்டுவது கிரப் என்ற புரோகிராம். அது படிக்கும் ‘கிரப்.சிஎஃப்ஜி’ கோப்பைத் திறந்தால், தொடக்கத்திலேயே ‘இதைத் திருத்தாதே’ என்ற மிரட்டல். நியாயம்தான். டெபியனிலும் உபுண்டுவிலும் ‘அப்டேட்-கிரப்’ என்று டைப் செய்தால், அந்தக் கட்டளை டிஸ்கில் உள்ள கெர்னல்களை, அதாவது லினக்ஸின் மையப் புரோகிராம்களை, தேடிப் பிடித்து, நம் விருப்பங்களை வேறொரு சின்னக் கோப்பிலிருந்து எடுத்து, மெனு முழுவதையும் புதிதாக எழுதிவிடும். புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் தானாகவும் ஓடும். கையால் திருத்தியதெல்லாம் அதோடு போச்சு! மாற்ற வேண்டியது அந்தச் சின்னக் கோப்பைத்தான்.

2021-இல் வந்த கிரப் 2.06, மற்ற சிஸ்டங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ வேலையைப் பாதுகாப்பு கருதி நிறுத்திவைத்தது. பையன்களின் விண்டோஸ் பெரும்பாலும் காணாமல் போவது இதனால்தான். சின்னக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, கட்டளையை மறுபடி ஓட்டினால் மெனுவில் வந்துவிடும். இதற்குப் போய் டிஸ்கையே ஃபார்மட் செய்து காசு வாங்குகிறவர்களும் உண்டு.