நடனப்பாயின் கோளாறு காணும் முறை

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. ஆயினும், நாமே செய்த நடனப்பாயில் ஆடும்பொழுது கூடமே கோணலாக இருத்தலும் உண்டு. பிழை காலிலா, பாயிலா என்று அறிவது எங்ஙனம்?

1998-ஆம் ஆண்டில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. திரையில் எழும் அம்புக்குறிக்கு ஏற்பப் பாயிலுள்ள கட்டத்தைத் தாளந் தவறாமல் மிதிப்பதே ஆட்டம். இடம், வலம், மேல், கீழ் எனக் கட்டங்கள் நான்கு. விலைகொடுத்து வாங்க இயலாதோர் இப்பாயை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஒவ்வொரு கட்டமும் ஒரு மின்விசையே. அலுமினியத் தாள் ஒட்டிய இரண்டு அட்டைகள் எதிரெதிரே இருக்கும். இடையில் துளைகளிட்ட பஞ்சுத் தகடு இருக்கும். மிதித்தால் துளைகளின் வழியே தாள்கள் தொட்டுக்கொள்ளும். காலை எடுத்தால் பிரியும். தாள்களிலிருந்து செல்லும் இரு கம்பிகள் பழைய விளையாட்டுக் கைப்பிடியின் சுற்றுப்பலகையில் இணையும். அப்பலகை கணினிக்குச் செய்தி சொல்லும்.

இனி, கோளாறுகளைக் காண்போம்.

முதலாவது, மிதிக்காமலே இயங்குதல். பஞ்சு நசுங்கியிருக்கும், அல்லது துளை பெரிதாயிருக்கும். தடித்த பஞ்சை வைத்துத் துளையைச் சிறிதாக்குக.

இரண்டாவது, மிதித்தும் இயங்காமை. பாயின் ஓரத்தில் அக்கட்டத்தின் இரு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்க. கணினி இயங்கினால் கோளாறு பாயில் உள்ளது. இயங்காவிடில் கம்பியிலோ பலகையிலோ உள்ளது. பாயில் எனின், தாள் கிழிந்திருக்கலாம், கம்பி விலகியிருக்கலாம். அலுமினியத்தில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாது. ஆகவே, செப்புக் கம்பியின் இழைகளை விரித்து, தாளை அதன்மேல் மடித்து, இறுக ஒட்டுதல் வேண்டும். கடலோரமான நம் ஜெலுத்தோங்கின் ஈரக்காற்றில் செம்பும் அலுமினியமும் சேருமிடம் நாளடைவில் அரிக்கும். அவ்விடத்தை அடிக்கடி பார்த்துப் புதுத் தாள் இடுக.

மூன்றாவது, இடமும் வலமும் ஒருசேர மிதித்தால் எதுவும் பதிவாகாமை. சில கைப்பிடிகளில் திசை விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். கம்பிகளைத் திசை விசைகளிலிருந்து கழற்றி, மற்ற நான்கு பொத்தான்களில் இணைத்தால் குறை தீரும்.

கணினியின் யூ.எஸ்.பி. இணைப்பு தருவது 5 வோல்ட்டே. வீட்டு மின்சாரத்தோடு பாயை ஒருபோதும் இணைத்தல் கூடாது. கம்பிகளைக் கழற்றும் முன் கணினி இணைப்பை நீக்குக. பெரியோர் உடனிருத்தல் நன்று.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக, மாற்றியபின் சோதிக்க. ஒருங்கே பலவற்றை மாற்றினால், எதனால் குறை தீர்ந்தது என்பது விளங்காது. 1972 முதல் மின்னணுத் தொழில் வளர்ந்த பாயான் லெப்பாஸ் ஆலைகளாயினும், தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரமாயினும், கோளாறு காணும் நெறி இதுவே. பழுதானதை எறியுமுன் அதன் காரணத்தை ஆராயும் பழக்கத்தை நம் இளஞ்சிறார் இப்பாயிலிருந்தே கற்பாராக!