நிழல் மரம் கழிக்கிறீர்களா? இரண்டு கைகளும் விடுபட வேண்டும்

பருவமழைக்கு முன்பு ஏற்காடு, தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். பெரும்பாலும் சில்வர் ஓக் மரங்கள்தான். ஏறுபவர்களில் பலர் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அரிவாளை வீசுகிறார்கள். சிறிது நேரத்தில் பிடித்த கை மரத்துப்போகும். வெட்டும் குறி தவறும்.

வெட்டும்போது உடல் எடையைக் கயிறும் காலும்தான் தாங்க வேண்டும், கை அல்ல. இதற்கு இரண்டு கயிறுகள் தேவை. முதல் கயிறு உங்கள் தலைக்கு மேலே, அடிமரத்தை ஒட்டிய தடித்த பச்சைக் கிளையின் கவட்டில் இருந்து வர வேண்டும். அதைத் தொய்வாக விடாதீர்கள். மூன்றடி தொய்வு இருந்தால், கால் வழுக்கினால் அந்த மூன்றடியும் விழுந்த பிறகே கயிறு பிடிக்கும்; அந்த உதறல் இடுப்பை ஒடித்துவிடும். இரண்டாவது, மரத்தைச் சுற்றி இடுப்புக்கு வரும் குறுங்கயிறு. அதில் லேசாகப் பின்னால் சாய்ந்தால் இரண்டு கைகளும் விடுபடும். அரிவாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் இன்னொன்று இருக்கும்.

வெறும் இடுப்புக் கயிறு மட்டும் போதாது. அதில் தொங்க நேர்ந்தால் வயிறு இறுகி மூச்சு முட்டும். தொடை, தோள் எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். தினக்கூலிக்கு வருபவரிடம் அது இருக்காது. வாங்கி வைக்க வேண்டியவர் தோட்டக்காரர்தான்.

பாதம் முழுவதும் பதியும்படி நில்லுங்கள். நுனிக்காலில் நின்றால் தொடை நடுங்கத் தொடங்கும். நடுங்கினால் வேலையை நிறுத்தி, கயிற்றில் உட்கார்ந்து இளைப்பாறுங்கள். சில்வர் ஓக் கிளை சட்டென முறியும். பக்கக் கிளையை நம்பி முழு எடையையும் வைக்காதீர்கள்.

தோளுக்கு மேலே உள்ள கிளையை எட்டி வெட்ட வேண்டாம். இன்னும் இரண்டடி ஏறினால் அது மார்பு உயரத்துக்கு வந்துவிடும். அரிவாளை வீசும்போது உடம்பும் சேர்ந்து திரும்பும். கை ரம்பத்தில் அந்த ஆட்டம் இல்லை. முதலில் கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது, கிளை பிளந்து உங்கள் பக்கம் திரும்பாது. கனத்த கிளை என்றால் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்; கீழே மிளகுக் கொடியும் காபிச் செடியும் இருக்கின்றன.

ஏறும் முன் முசுறு எறும்புக் கூடும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். உயரத்துக்குப் பயப்படாதவரும் எறும்பு கடித்தால் கையை உதறுவார். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஏற வேண்டும்.