ஒரு சொல், பல பொருள்

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வோர் முதலில் நாடுவது அகராதியை. அது ஒரு சொல்லுக்கு ஐந்தாறு பொருள் தரும். எதைக் கொள்வது என்று சொல்லாது. அதைச் சொல்ல வல்லது அச்சொல் நிற்கும் இடமே.

'சார்ஜ்' என்னும் சொல்லைப் பாருங்கள். மருத்துவமனைச் சீட்டில் அது கட்டணம். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு. ஒரு பிரிவைக் கவனிக்கும் தாதியைக் குறித்து வந்தால் பொறுப்பு. கைத்தொலைபேசிக்கோ மின்னூட்டம்.

'எஸ்டேட்' என்பதும் இத்தகையதே. மலாயாவில் ரப்பர் மரம் சீவிய நம் முன்னோருக்கு அது தோட்டம். தோ பாயோவில் வீடமைப்புப் பேட்டை. ஜூரோங்கில் தொழிற்பேட்டை. வழக்கறிஞர் கடிதத்தில் வந்தால், காலஞ்சென்றவர் விட்டுச்சென்ற சொத்து. அங்கே 'தோட்டம்' என்று எழுதிவிட்டால், பிள்ளைகள் இல்லாத தோட்டத்தைத் தேடி அலைய வேண்டியதுதான்!

சில இடங்களில் பொருள் தேடுவதே பிழையாகிவிடும். நகரின் நடுவே 'லாவ் பா சாட்' என்னும் உணவங்காடி இருக்கிறது அல்லவா? 1894இல் எழுந்த இரும்புக் கட்டடம் அது. 'லாவ்' என்பது ஹொக்கியன் மொழியில் பழைய என்று பொருள்படும். 'பா சாட்' என்பது 'பசார்' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. நாம் வழங்கும் 'பஜார்' என்பதற்கும் அதற்கும் பாரசீகமே தாயகம். ஆக, அந்தப் பெயர் பழைய சந்தை என்றாகிறது. 2014இல் அங்கு வழிகாட்டும் பலகையொன்றில், அப்பெயரின் கடைசிப் பகுதி தமிழில் 'சனி' என்று எழுதப்பட்டிருந்தது. காரணம் தெரிகிறதா? அதன் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் சனிக்கிழமையின் சுருக்கமாகவும் வழங்குபவை. தமிழர்கள் சுட்டிக்காட்டிய பின் பிழை திருத்தப்பட்டது. பெயரைப் பெயராகவே ஒலிபெயர்த்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராது.

இது வெறும் நகைப்புக்குரிய செய்தியன்று. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. தேக்கா சந்தைக்கு வரும் மூதாட்டியும், ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் தொழிலாளியும் அந்தத் தமிழ் வரியை நம்பித்தான் நடக்கிறார்கள். வரி தவறினால் வழி தவறும். கட்டுமானத் தளத்து எச்சரிக்கையில் தவறினால், உயிருக்கே கேடு.

ஆகவே, மொழிபெயர்ப்போர் மூன்றை மனத்திற்கொள்வது நல்லது. சொல்லை எடுக்குமுன் முழு வாக்கியத்தையும் படியுங்கள். அது யாருக்காக, எங்கே வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். எழுதி முடித்ததும், ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் தமிழை மட்டும் படிக்கக் கொடுங்கள். அவருக்கு விளங்கினால்தான் வேலை முடிந்தது.