தூக்க மாத்திரையை விடும் வகை

வெளி மாநிலங்களில் அலுவல் நிமித்தம் வாழும் தமிழன்பர்கள் சிலருடைய படுக்கையருகே ஒரு சிறு மாத்திரை அட்டை இருக்கக் காணலாம். வீட்டார் அதனைத் தூக்க மாத்திரை என்பார்கள். ஆனால் அவற்றுள் சில, தூக்கத்துக்கென்றே தோன்றிய மருந்துகள் அல்ல. மனச்சோர்வு நோய்க்காக உண்டாக்கப்பட்டு, அவை தரும் அசதியின் பொருட்டுச் சிற்றளவில் இரவுதோறும் உட்கொள்ளப்படுபவை. அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின், டிரசோடோன், டாக்செபின் ஆகியன அவ்வகையின. இவற்றைத் தொடங்குவது எளிது. விடுவது எங்ஙனம் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை ஏட்டில் கண்டு மட்டும் நாம் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி டில்லிக்கு வந்த புதிதில் இரவெல்லாம் கண்விழித்துக் கிடந்தோம். மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதே நம் பிழைப்பு. ஆயினும் நம் துன்பத்தைப் பிறமொழியில் சொல்லவந்தபோது, “நீந்த் நஹீ ஆத்தி” என்ற மூன்று சொற்களுக்கு மேல் நாவில் எழவில்லை. மூன்று சொற்களுக்கு ஒரு மாத்திரை கிடைத்தது: அமிட்ரிப்டிலின், 25 மில்லிகிராம். அன்றிரவே உறங்கினோம். ஒரு மாதத்துக்கென்று தந்தது நான்கு ஆண்டுகள் நீண்டது.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிய பின்னரே, மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. முதலிரவு ஒருவாறு கழிந்தது. இரண்டாம் இரவு கண் இமைக்கவில்லை. கும்பகோணத்தில் தமக்கையார் வீட்டை அடைந்தபோது குமட்டலும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டன. சற்றே கண்ணயர்ந்தாலும் கொடுங்கனவுகள். இரயில் உணவின் கோளாறு என்றார் தமக்கையார். இம்மாத்திரையின்றி இனி நமக்கு உறக்கமே இல்லை என்று நாம் முடிவு கட்டினோம். இரண்டு கருத்துமே தவறானவை. நேர்ந்தது என்னவென்று பின்னர்தான் அறிந்தோம்.

மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலண்டு கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை 1957இல் வெளியிட்டார். அதன் இனத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. மனச்சோர்வு நோய்க்கு நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை தருவது வழக்கம். தூக்கத்துக்காகத் தருவதோ 10 அல்லது 25 மில்லிகிராம். நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட இச்சிற்றளவு தரப்படுவதுண்டு.

இத்துணைச் சிறிய அளவு எவ்வாறு உறக்கத்தைத் தருகிறது? நம் மூளையை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களுள் ஒன்று ஹிஸ்டமின். அது சென்று தொடும் வாயில்களை இம்மருந்து அடைத்துவிடுகிறது. சளி மருந்து உண்டால் தூக்கம் வருவதும் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே. அமிட்ரிப்டிலின் மற்றொரு பொருளின் வாயில்களையும் அடைக்கிறது. அப்பொருள் அசிட்டைல்கோலின்; உமிழ்நீர், குடலின் அசைவு, சிறுநீர் கழிதல் ஆகியவற்றை இயக்குவது. அதனாலேயே வாய் உலர்தலும் மலச்சிக்கலும் உண்டாகின்றன. முதியோர்க்கு இவற்றோடு நினைவுத் தடுமாற்றமும், இரவில் எழுந்து நடக்கையில் கீழே விழும் இடரும் நேரலாம்.

மதகை நெடுநாள் அடைத்துவைத்தால் அதன் பின்னே நீர் உயர்ந்து நிற்கும் என்பதைக் காவிரிக் கரையினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. உடலும் அத்தகையதே. வாயில் அடைபட்டிருப்பதற்கேற்ப அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒரே நாளில் மதகைத் திறந்தால் வெள்ளம் பாய்கிறது: உலர்ந்திருந்த வாயில் நீர் ஊறுகிறது, கட்டியிருந்த வயிறு இளகிப் போகிறது, அடங்கியிருந்த கனவுகள் பெருகுகின்றன, விழிப்பு மேலோங்குகிறது. மருந்து உடலை விட்டு நீங்கச் சில நாள்கள் ஆவதால், இத்தொல்லை முதலிரவில் அன்றி இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டுகிறது. நமக்கு நேர்ந்ததும் இதுவே.

இதனை இரண்டு செய்திகளோடு குழப்பிக்கொள்ளலாகாது. முதலாவது, இது கள்ளுக்கோ அபினுக்கோ அடிமையாவது போன்றதன்று. மேலும் மேலும் வேண்டும் என்னும் வேட்கை இதில் இல்லை. ஆதலால் நாணத்துக்கு இடமில்லை. இரண்டாவது, விட்ட சில நாள்களில் வரும் தூக்கமின்மை, பழைய நோய் மீண்டதற்குச் சான்று அன்று. குமட்டல், வியர்வை போன்ற புதிய குறிகளோடு விரைந்து வந்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தணிவது மருந்தை விட்டதன் விளைவு. மெல்ல மெல்ல வந்து நாளுக்கு நாள் வளர்வதே பழைய நோய். இவ்வேறுபாட்டை அறியாமல் மூன்றாம் நாளே அஞ்சி, மீண்டும் மாத்திரையை நாடி, ஆண்டுக்கணக்கில் தொடர்வோர் பலர்.

விடுவதற்கு முன் செய்யத்தக்கன மூன்று. முதலில், எதற்காக இம்மருந்து தொடங்கப்பட்டது என்று ஆராய்தல் வேண்டும். ஊர்விட்டு ஊர் மாறுவோர்க்கு மருத்துவரும் மாறுகிறார். பழைய சீட்டு எங்கோ தங்கிவிடுகிறது. மனச்சோர்வுக்காகவோ, பதற்றத்துக்காகவோ, தலைவலிக்காகவோ தந்ததாயின், தூக்கம் சரியாகிவிட்டது என்று அதனை விடுதல் தகாது. இரண்டாவதாக, அட்டையின் பின்புறத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். நம் நாட்டில் அமிட்ரிப்டிலினோடு குளோர்டையாசிபாக்சைடு என்னும் வேறு மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பதுண்டு. பின்னது பென்சோடையாசிபின் இனத்தது. நெடுநாள் உண்டபின் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். இரண்டு பெயர்கள் காணப்பட்டால் மருத்துவரைக் கேளாமல் அரை மாத்திரையும் குறைக்கலாகாது. மூன்றாவதாக, காலம் பார்த்தல். மாற்றல், திருமணம், தேர்வு, பயணம் என்னும் அலைச்சல்கள் இல்லாத மாதமே இதற்கு ஏற்றது.

இனிக் குறைக்கும் முறை. நம் மருத்துவர் வகுத்தது இது: 25இலிருந்து 20, பின் 10, பின் 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, அதன்பின் நிறுத்தம். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். தொல்லை மிகுந்தால் அப்படியிலேயே நிற்பது. தாங்கவொண்ணாதாயின் ஒரு படி பின்வாங்குவது. இஃது எல்லார்க்கும் பொதுவான விதியன்று. ஒவ்வொருவர்க்கும் அவரவர் மருத்துவரே அளவு குறிக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது நல்ல வழியாகத் தோன்றலாம். ஆனால் அதனால் உடலிலுள்ள மருந்தின் அளவு ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும். நாள்தோறும் சிறிது குறைவாக உண்பதே மேல். எந்த மாத்திரையைப் பிளக்கலாம், எதனைப் பிளக்கலாகாது என்பதை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டறிக.

கடைசிப் படியே கடினமானது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மருந்து பாதியானால் அதன் வினையும் பாதியாகும் என்று எண்ணுகிறோம். அவ்வாறன்று. மிகச் சிறிய அளவே வாயில்களில் பெரும்பங்கை அடைத்துவிடுகிறது. ஆகவே 25இலிருந்து 20க்கு இறங்கும்போது தெரியாத மாற்றம், 5இலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்கும்போது தெரியலாம். அங்கே அவசரம் கூடாது.

மருந்தை எடுத்த இடத்தை வெறுமையாக விடலாகாது. உறக்கத்தை மீண்டும் பழக்குதல் வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டுவது மாத்திரையன்று, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது. அதன் வேராக நிற்பவை இரண்டு. படுக்கை உறங்குவதற்கு மட்டுமே. இருபது நிமிடம் போல் உறக்கம் வராவிடின் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, கண் சொருகும்போது மட்டும் திரும்புக என்பது ரிச்சர்டு பூட்சின் 1972இல் வகுத்த முறை. படுக்கையில் கழிக்கும் நேரத்தை உண்மையில் உறங்கும் நேரத்தளவுக்குச் சுருக்கிப் பின்னர் விரிப்பது ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வெளியிட்ட முறை. வலிப்பு நோயுடையோரும் வண்டி ஓட்டுவோரும் இப்பின்னதை மருத்துவர் துணையின்றி மேற்கொள்ளலாகாது.

நம் அளவில் பெரிதும் உதவியவை இரண்டு: எவ்வளவு நேரம் விழித்திருந்தாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து வெயில் முகத்தில் படச் சிறிது நடந்தது, மாலை அலுவலகம் விட்டு வந்ததும் அருந்தும் காப்பியை விட்டது. அருந்திய காப்பியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரத்துக்குப் பின்னும் உடலில் தங்குகிறது. ஆறு மணிக் காப்பி பதினொரு மணிக்கும் நம்மோடு விழித்திருக்கிறது! மாத்திரையை விடுவதைவிட அதனை விடுவதே கடினமாயிருந்தது.

குறைத்துவரும் நாளில் மனம் மிகச் சோர்ந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், மயக்கம் வந்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலும் காத்திராமல் மருத்துவரை நாடுக. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேச வழியுண்டு. மிஞ்சிய மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்ட வைக்கலாகாது. அளவு மீறின் அமிட்ரிப்டிலின் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கவல்லது.

நாம் முழுதும் விட ஐந்து மாதம் ஆயிற்று. இன்றும் மாதத்தில் சில இரவுகள் உறக்கம் பிந்துகிறது. முன்பு அது நம்மை அச்சுறுத்தியது. இப்போது எழுந்து அமர்ந்து பழைய செய்தித்தாளைப் புரட்டுகிறோம். மறுநாள் அலுவலகம் தவறாமல் நடக்கிறது. மருத்துவரிடம் செல்லும் அன்பர்க்கு ஒன்று மட்டும் சொல்லுவோம்: தூக்கம் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல், என்று முதல், எதனால், என்ன கவலை என்பதையும் சொல்லுங்கள். மொழி வராவிடின், வருபவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.