மாமாவின் ஐ.டி.ஐ. சான்றிதழ் ஜெர்மனியில் செல்லுமா?

எங்க மாமா ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். ஜெர்மனிக்குப் போகணும்னு ரொம்ப ஆசை. அங்கே எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாருக்கும் தட்டுப்பாடு. அப்படின்னா சான்றிதழை எடுத்துக்கிட்டு உடனே விமானம் ஏறிடலாமா? முடியாது.

இங்கே அந்தப் படிப்பு 2 வருடம். அங்கே மூன்றரை வருடம். அதுவும் சில நாள் பள்ளிக்கூடம், மற்ற நாள் கம்பெனியில் நிஜ வேலை. இரண்டும் சமமா என்று எப்படிச் சொல்வது? அதற்காகவே 2012-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நம் சான்றிதழையும் அவர்கள் பாடத்திட்டத்தையும் வைத்து ஒப்பிடுவார்கள். குறை இருந்தால் ‘ஓரளவு சமம்’ என்று எழுதித் தருவார்கள். குறைந்த பாடத்தை அங்கே போய் முடிக்கலாம். 2024 மார்ச் முதல் இன்னொரு வழியும் உண்டு. 2 வருடப் படிப்பும் கொஞ்சம் ஜெர்மன் மொழியும் இருந்து, முதலாளியும் சம்மதித்தால், முதலில் வேலையில் சேர்ந்துவிட்டு அப்புறம் இந்த ஒப்பீட்டை முடிக்கலாம்.

எனக்குப் பிடித்தது எது தெரியுமா? படிப்பில் உள்ள குறையை வேலை அனுபவம் ஈடுகட்டுமாம்! ஆனால் அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். மாமா 6 வருடம் ஒரு காண்ட்ராக்டரிடம் வயரிங் வேலை பார்த்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. இப்போது அனுபவக் கடிதம் கேட்டு அவர் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். “அடுத்த வாரம் வாப்பா” என்கிறாராம். இதோடு மூன்று வாரம் ஆச்சு.

- 9-ஆம் வகுப்பு மாணவி