மேஜை மேல் மட்டில்டா!

கம்ப்யூட்டர் கேம்ஸில் டாங்கியை ஓட்டி எதிரியைச் சுட்டு விளையாடியவர்கள் நம் வாசகர்களில் ஏராளம். அதே டாங்கியை அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து, பெயிண்ட் அடித்து, மானிட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கும் பொழுதுபோக்கும் உண்டு. ஸ்கேல் மாடல் என்பார்கள். இதில் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் கவச வண்டிகளுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஜெர்மன் டாங்கிகளுக்கு வந்த அளவுக்கு இவற்றுக்கு கிட்கள் வந்ததில்லை. எனவே வரைபடம் பார்த்துப் பாகங்களை நாமே செய்து கொள்ளும் வேலை இதில் அதிகம். அங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் கை கொடுக்கிறது. சில இடங்களில் காலையும் வாரி விடுகிறது!

உதாரணத்திற்கு மட்டில்டா 2 டாங்கியை எடுத்துக் கொள்வோம். 1940 டிசம்பர் 9 அன்று எகிப்தில் நிபெய்வா என்ற இத்தாலிய முகாமைத் தாக்கியவை 7வது ராயல் டாங்க் ரெஜிமென்ட்டின் மட்டில்டாக்கள். அவற்றோடு சேர்ந்து போனது 4வது இந்திய டிவிஷனின் 11வது பிரிகேடு. மட்டில்டாவின் முன்பக்கக் கவசம் 78 மி.மீ. தடிமன். இத்தாலிய பீரங்கிகள் அதைத் துளைக்க முடியாமல் திணறின. இந்த 78 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எந்த ஸ்கேல்?

கடைகளில் அதிகம் கிடைப்பது 1/35 மற்றும் 1/72. பழைய ஏர்ஃபிக்ஸ் கிட்கள் 1/76. இது பிரிட்டனின் ஓஓ பொம்மை ரயில்களுக்குப் பொருந்தும் அளவு. 1/35 வந்த கதை வேடிக்கையானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைத் தயாரித்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்து அளவை வைத்தார்கள். அது 1/35 என்று அமைந்து, பிறகு உலகமே அதைப் பிடித்துக் கொண்டது.

பிரிட்டிஷ் வரைபடங்களில் அளவுகள் அடி, அங்குலத்தில் இருக்கும். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, முதல் காலத்தில் அடி, இரண்டாவதில் அங்குலம் டைப் செய்யுங்கள். மூன்றாவதில் அடியை 12ஆல் பெருக்கி, அங்குலத்தைக் கூட்டி, மொத்தத்தை 25.4ஆல் பெருக்கி, 35ஆல் வகுக்கும் பார்முலாவைக் கொடுங்கள். மட்டில்டாவின் அகலம் 8 அடி 6 அங்குலம். விடை 74 மி.மீ. உயரம் 8 அடி 3 அங்குலம் என்பது 71.8 மி.மீ. ஆகிவிடும். பார்முலாவைக் கீழே இழுத்து விட்டால் எல்லாப் பாகங்களுக்கும் ஒரே நிமிடத்தில் பட்டியல் தயார்.

பிரிண்டர் செய்யும் குறும்பு

வரைபடம் பெரும்பாலும் பிடிஎஃப் பைலாகத்தான் கிடைக்கிறது. அமெரிக்க லெட்டர் சைஸில் தயாரித்த பைலை நாம் ஏ4 தாளில் பிரிண்ட் செய்கிறோம். பிரிண்ட் விண்டோவில் "ஃபிட்" என்பது தேர்வாகி இருந்தால் என்ன நடக்கும்? லெட்டர் தாளின் அகலம் 215.9 மி.மீ. ஏ4 அகலம் 210 மி.மீ. சத்தமில்லாமல் 2.7 சதவீதம் சுருக்கி விடும். ஓரத்தில் மார்ஜின் விட்டால் இன்னும் அதிகம்.

இவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். 74 மி.மீ. அகலத்தில் 2.7 சதவீதம் என்பது 2 மி.மீ. அதை 35ஆல் பெருக்கினால் நிஜ டாங்கியில் 70 மி.மீ. அதாவது மட்டில்டாவின் முன்கவசத் தடிமன் அளவுக்கு ஏறக்குறைய ஒரு முழுத் தகடே காணாமல் போகிறது! நான் இரண்டு நாள் மாலை உட்கார்ந்து வெட்டி ஒட்டிய உடற்பகுதி ஒன்று, கிட்டில் வந்த சக்கரங்களோடு சேராமல் இப்படித்தான் குப்பைக்குப் போனது. கத்தியைக் குறை சொல்லிக் கொண்டிருந்தேன். குற்றவாளி மவுஸ்.

எனவே "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதோடு இங்க்ஸ்கேப் புரோகிராமில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து, பிரிண்ட் எடுத்து, ஸ்டீல் ஸ்கேலால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சில பிரிண்டர்களில் தாள் நகரும் திசையில் ஒரு அளவும் குறுக்கே வேறு அளவும் வரும்.

புத்தகத்தில் உள்ள 1/76 வரைபடத்தை 1/35 ஆக்க வேண்டுமா? 76ஐ 35ஆல் வகுத்தால் 2.17. ஆக 217 சதவீதம் பெரிதாக்க வேண்டும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கோடுகளும் சேர்ந்து தடிக்கும் என்பதை மறக்காதீர்கள். 0.3 மி.மீ. கோடு 0.65 மி.மீ. ஆகிவிடும். கோட்டின் எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்பதே கேள்வியாகி விடும். ஸ்கேன் படத்தை அடியில் வைத்து இங்க்ஸ்கேப்பில் மெல்லிய கோடாகத் திரும்ப வரைந்து கொள்வதே நல்லது.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 1/56 ஸ்கேலில் கிடைத்த எஸ்டிஎல் பைலை 1/35 ஆக்க ஸ்லைசரில் 160 சதவீதம் கொடுங்கள். மாறாக 1/35 பைலை 1/72க்குச் சுருக்கினால் 1 மி.மீ. கைப்பிடி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தொட்டால் ஒடியும்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது?

இனி கலர். 1940 ஜூலை முதல் 1941 கடைசி வரை பாலைவனத்தில் இருந்த பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு "கான்ட்டர்" என்ற வண்ணத் திட்டம் இருந்தது. பிரிகேடியர் கான்ட்டரின் பெயர் அது. நேர்கோடுகளாகச் சாய்ந்து ஓடும் மூன்று நிறப் பட்டைகள். பல ஆண்டுகளாக கிட் பெட்டிப் படங்களிலும் புத்தகங்களிலும் இதில் ஒரு பட்டையை இளநீலமாகவே காட்டி வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ராணுவ உத்தரவில் இருந்த பெயர்கள் வேறு. அடிநிறம் போர்ட்லாண்ட் ஸ்டோன் 64 அல்லது லைட் ஸ்டோன் 61. மேலே சில்வர் கிரே 28, ஸ்லேட் 34. எல்லாமே பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 381 அட்டவணை எண்கள். சில்வர் கிரே என்பது லேசாகப் பச்சை கலந்த சாம்பல். நீலமே கிடையாது.

கறுப்பு வெள்ளை போட்டோவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். முடியாது. நீங்களே சோதித்துப் பாருங்கள். கிம்ப் புரோகிராமில் இரண்டு கட்டங்கள் வரையுங்கள். ஒன்றில் சிவப்பு 150, பச்சை 185, நீலம் 215 கொடுங்கள். இளநீலம் வரும். மற்றதில் 175, 182, 165 கொடுத்தால் பச்சை கலந்த சாம்பல். (இவை சோதனைக்கான எண்கள்தான். பெயிண்ட் கலர் இல்லை.) இப்போது கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் சென்று லூமா முறையைத் தேர்வு செய்யுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகி விடும். எது எது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதிவு செய்யும்.

இதனால்தான் பழைய போட்டோக்களுக்கு ஏஐ கலர் பூசித் தரும் சாஃப்ட்வேர்களை மாடல் வேலைக்கு நான் நம்புவதில்லை. அவை இழந்த நிறத்தை மீட்பதில்லை. ஊகித்து அடிக்கின்றன. நிழல், பட்டை எங்கே வளைகிறது, சேறு எங்கே ஒட்டுகிறது என்பதற்கு அசல் கறுப்பு வெள்ளைப் படமே போதும். நிறத்துக்கு உத்தரவில் உள்ள எண்ணையும் அச்சிட்ட வண்ண அட்டையையும் பாருங்கள்.

மானிட்டரில் தெரியும் கலரை வைத்து பெயிண்ட் கலக்காதீர்கள். ஒரே படம் லேப்டாப்பில் ஒரு மாதிரியும் செல்போனில் வேறு மாதிரியும் தெரிவது உங்களுக்கே தெரியும். கிட்டில் மிச்சமாகும் பிளாஸ்டிக் சட்டத்தில் பெயிண்ட்டைத் தடவி, முழுதாகக் காய விட்டு, மறுநாள் காலையில் ஜன்னலோரம் வண்ண அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே சரியாக இருந்த நிறம் அங்கே வேறாக இருக்கும்.