டயர் அழுத்தம் பற்றி ஒரு கடைசிச் செய்தி

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இருக்கும் மிச்செலின் ஆலை லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் செய்கிறது. அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் தரையிறங்கிய டயர்களும் இந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். அவற்றில் நைட்ரஜன் வாயு அடைத்திருப்பார்கள்.

2003 பிப்ரவரி 1 காலை, கொலம்பியா ஓடம் பூமிக்குத் திரும்பும்போது, ஹூஸ்டனிலிருந்து அதற்குப் போன கடைசிப் பேச்சுகளில் ஒன்று டயர் அழுத்தத்தைப் பற்றியது. இடப்பக்க டயர்களின் அளவீடுகள் வரவில்லை. கமாண்டர் ரிக் ஹஸ்பண்ட் பதில் சொல்லத் தொடங்கினார், முடிக்கவில்லை. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

கோளாறு டயரில் இல்லை, இடது இறக்கையில். ஜனவரி 16 அன்று ஓடம் கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ அளவுள்ள நுரைத்துண்டு பெயர்ந்து இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. ஓடத்தின்மேல் எதுவும் விழுந்து படக்கூடாது என்பது வடிவமைப்பு விதி. ஆனால் 1981-ல் முதல் பயணத்திலிருந்தே நுரை உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், அதைப் பழுதுபார்ப்பு வேலையாக மட்டும் பார்க்க நாசாவில் பழகிவிட்டார்கள். எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான்.

2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் பறந்தபோது, தொட்டியின் அதே இடத்திலிருந்து பெயர்ந்த நுரை பூஸ்டரில் மோதியது. காரணத்தை ஆராய டிசம்பர் வரை கெடு வைத்தார்கள். அது 2003 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அதற்குள் இரண்டு ஓடங்கள் கிளம்பின, இரண்டாவது கொலம்பியா. கால நெருக்கடியும் இருந்தது. விண்வெளி நிலையத்தின் ஒரு பாகத்தை 2004 பிப்ரவரி 19-க்குள் அனுப்பியாக வேண்டும் என்று நாள் எண்ணும் திரைக்காட்சியை மேலாளர்களின் கணினிகளுக்கே அனுப்பியிருந்தார்கள்.

கொலம்பியாமீதான மோதலைப் படத்தில் பார்த்த பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. இறக்கையை உளவுத்துறைக் கேமராக்களால் படம் பிடிக்கச் சொல்லி ராட்னி ரோச்சாவின் குழு கேட்டது. மூன்று முறை எழுந்த கோரிக்கை மூன்று முறையும் நின்றுபோனது. லாங்லி ஆய்வகத்தின் தரையிறங்கு சக்கர நிபுணர் ராபர்ட் டாஹர்டி, சக்கர அறைக்குள் வெப்பம் புகுந்தால் டயர் வெடிக்கலாம் என்று மின்னஞ்சலில் எழுதினார். அது முடிவெடுப்பவர்களிடம் போய்ச் சேரவில்லை. பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு மேலாளர்களுடையது. ஆனால் ஆபத்தானது என்று நிரூபிக்கும்படி பொறியாளர்களைக் கேட்டார்கள். நிரூபிக்கத் தேவையான படத்தையோ தர மறுத்தார்கள்.

விபத்துக்குப் பிறகு, 2003 ஜூலை 7 அன்று சான் அன்டோனியோவில் நடந்த சோதனையில், அதே அளவு நுரைத்துண்டை அதே வேகத்தில் இறக்கைப் பலகைமீது எய்தார்கள். ஓர் ஆள் தலையை நுழைக்கும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

தொட்டியின் அந்த நுரைப்பகுதியை நீக்கிவிட்டு மின்சூடேற்றி பொருத்தினார்கள். 2005 ஜூலை 26 அன்று டிஸ்கவரி கிளம்பியது. தொட்டியின் வேறோர் இடத்திலிருந்து பெரிய நுரைத்துண்டு பெயர்ந்தது. இந்த முறை ஓடத்தின்மேல் படவில்லை. நாசா உடனே மற்ற பயணங்களை நிறுத்தியது. 2006 ஜூலை வரை எந்த ஓடமும் பறக்கவில்லை.

(தொடரும்)